ஆடிப் பார்த்த ஏழு ஆட்டங்கள்

"படிக்காத புஸ்தகத்துக்கு மதிப்புரை எழுதலாமா, மாமா?"

புனாவிலிருந்து நமது மருமான் டெலிபோனில் இப்படிக் கேட்டபோது, அந்தக் கேள்விக்குள் ஒரு கண்ணி இருப்பதை நாம் கவனிக்கவில்லை. "கூடவே கூடாது, அது பத்திரிகைத் தொழிலுக்கே இழுக்கு" என்று வீறாப்பாகப் பதில் சொல்லிவிட்டோம். "அப்படியானால், ஆடிப் பார்க்காத ஆட்டத்தைக் கண்டித்து மட்டும் எழுதலாமோ?" என்று உடனே அடுத்த கேள்வி வந்தது. நமக்குப் பேச வாயில்லை.

விஷயம் இதுதான். சில மாதங்களுக்கு முன் இதே பக்கங்களில் வீடியோ விளையாட்டுகளைப் பற்றி நாம் ஒரு கட்டுரை எழுதினோம். தேசத்தின் வாலிபர்கள் கண்ணையும் காலத்தையும் இவற்றில் பறிகொடுக்கிறார்கள் என்றும், துப்பாக்கியால் சுடுவதையும் மோட்டார் ஓட்டுவதையும் தவிர இவற்றில் வேறு சரக்கு இல்லை என்றும் சற்றுக் காரசாரமாகவே தீட்டியிருந்தோம். எழுதுவதற்கு முன் ஓர் ஆட்டத்தையாவது ஆடிப் பார்த்தோமா என்றால், இல்லை. மருமானும் அந்தக் கட்டுரையைத் தானாகப் படித்துவிடவில்லை. அவன் பிறந்து வளர்ந்ததெல்லாம் புனாவில். தமிழ் பேசுவான்; படிக்க வராது. நமது சகோதரி படித்துக் காட்ட, அவன் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அவன் பொறுக்கித் தரும் ஏழு ஆட்டங்களை நாம் ஆடி முடித்து, உள்ளது உள்ளபடி எழுதவேண்டும். பதிலுக்கு அவன் தமிழ் எழுத்துக்களைக் கற்றுக்கொண்டு, நாம் எழுதுவதை யாருடைய உதவியும் இன்றித் தானே படிக்கவேண்டும். பத்து நாள் கழித்து அவனுடைய பழைய கம்ப்யூட்டர் ஒன்று பார்ஸலில் வந்து சேர்ந்தது. உடன் ஒரு கடிதமும் இருந்தது. கடிதத்தின் பாஷை தமிழ்தான். எழுத்து மட்டும் ஆங்கில எழுத்து.

மூன்று மாத காலம், இரவு சாப்பாட்டுக்குப் பின் தினம் ஒரு மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொண்டு ஆடினோம். வீட்டில் உள்ளவர்கள் நம்மைப் பார்த்த பார்வையை இங்கே வர்ணிக்க வேண்டியதில்லை. மனத்தில் பட்டதைப் பட்டபடி கீழே தருகிறோம்.

சாமான் ஏற்றும் வித்தை

முதலில் "டெட்ரிஸ்". இது நமது மருமானைவிட வயதில் மூத்தது. 1984-ம் வருஷத்தில் மாஸ்கோ நகரில், சோவியத் விஞ்ஞான அகாடமியின் கம்ப்யூட்டர் நிலையத்தில் வேலை பார்த்துவந்த அலெக்ஸி பஜித்னோவ் என்பவர் இதைச் சிருஷ்டித்தார். நாலு நாலு சதுரங்களால் ஆன ஏழு விதமான கட்டைகள் மேலேயிருந்து ஒவ்வொன்றாக இறங்குகின்றன. அவற்றை இப்படியும் அப்படியும் திருப்பி, இடைவெளி இல்லாமல் அடுக்கவேண்டும். ஒரு வரிசை நிரம்பினால் அது மறைந்துபோகும். நிரம்பாத வரிசைகள் மேலே மேலே ஏறி நம் கழுத்தைப் பிடிக்கும். அவ்வளவுதான், கதை இல்லை, கதாநாயகன் இல்லை.

கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும் குடும்பம் ஒன்று ரயில் வண்டியில் சாமான் ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆட்டம் உடனே புரிந்துவிடும். படுக்கையைக் குறுக்கே போடு, கூஜாவை இடுக்கில் வை, பட்சணக் கூடையை மேலே தூக்கு என்று பெரியவர் ஒருவர் இரைந்துகொண்டிருக்கையிலேயே இன்னும் இரண்டு மூட்டைகள் ஜன்னல் வழியாக வந்து விழும் அல்லவா? அதே பரபரப்புத்தான். முதல் நாள் இரண்டு நிமிஷத்தில் தோற்றோம். பத்தாவது நாள் கண்ணை மூடினாலும் கட்டைகள் விழ ஆரம்பித்துவிட்டன.

உலகம் முழுவதும் விலைபோன இந்த ஆட்டத்தின் உரிமை சோவியத் ஸர்க்காரிடம் இருந்தது. ஆக்கியவருக்கு அதிலிருந்து பங்குத் தொகை கிடைக்கத் தொடங்கியது 1996-ல்தான். இதைக் கேட்டபோது, காப்புரிமையை அற்ப விலைக்கு விற்றுவிட்டுக் கஷ்டப்பட்ட நமது பழைய எழுத்தாளர்களின் நினைவு வந்தது.

"இதற்கு முடிவே கிடையாதே, எப்படி ஆடி முடிப்பது?" என்று மருமானைக் கேட்டோம். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் இந்த ஆட்டத்தின் பழைய நிண்டெண்டோ பதிப்பை, யந்திரமே ஸ்தம்பித்து நிற்கும் வரையில் ஆடிவிட்டான் என்றும், மனிதர்களில் அவனே முதல் என்றும் பதில் வந்தது. நமக்கு வயது பதின்மூன்று அல்ல என்று சமாதானம் செய்துகொண்டு அடுத்த ஆட்டத்துக்குப் போனோம்.

கும்பினியின் குமாஸ்தா

இரண்டாவது, "ரிடர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்" என்பது. லூகாஸ் போப் என்ற அமெரிக்கர் ஏறக்குறையத் தனி ஆளாகவே உழைத்து 2018-ல் வெளியிட்டது. "ஓப்ரா டின்" என்னும் வியாபாரக் கப்பல் 1802-ல் லண்டனிலிருந்து கீழ்த் திசைக்குப் புறப்பட்டு, வழியில் காணாமற்போகிறது. 1807-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில், ஒருவரும் இல்லாமல், கிழிந்த பாய்களுடன் இங்கிலாந்தின் பால்மவுத் துறைமுகத்துக்கு அது தானாக மிதந்து வருகிறது. கப்பலில் இருந்த அறுபது பேரும் என்ன ஆனார்கள் என்று கண்டறிந்து, இன்ஷூரன்ஸ் கணக்குத் தீர்க்க ஒரு குமாஸ்தாவைக் கிழக்கிந்தியக் கும்பினி அனுப்புகிறது. அந்தக் குமாஸ்தா வேறு யாருமல்ல, நாம்தான்.

கும்பினிக்கு எதிராக எத்தனையோ பத்திகள் எழுதிய பேனாவைப் பிடித்த கை, கும்பினியின் கணக்குப் புஸ்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறியது! என்ன செய்வது, ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே?

படங்களெல்லாம் கறுப்பு வெளுப்பு. பழைய புஸ்தகங்களில் வரும் மரச் செதுக்குப் படங்கள் உயிர் பெற்று எழுந்தாற்போல் இருக்கின்றன. நம்மிடம் ஒரு மாயக் கடிகாரம் இருக்கிறது. எலும்புக்கூட்டின் அருகில் அதைத் திறந்தால், அந்த மனிதர் உயிர்விட்ட கணம் அப்படியே உறைந்து நம்மைச் சூழ நிற்கும். அதற்குள் நடந்து பார்த்து, இன்னார் இன்ன விதமாக இறந்தார் என்று புஸ்தகத்தில் பதிய வேண்டும். பேச்சின் தொனி, உடுப்பு, தொங்கு படுக்கையில் எழுதிய எண், யார் யாருடன் நிற்கிறார் என்ற விவரம் இவைதான் துப்பு. துப்பறியும் நாவல் படிப்பவர்கள் ஊண் உறக்கம் மறந்துபோவார்கள். முதல் சில நாட்கள் திரையில் நடக்க நடக்க நமக்குத் தலை சுற்றி, எலுமிச்சம்பழம் தேட வேண்டியிருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

மாலுமிகளின் ஜாபிதாவில் பற்பல தேசத்தார் இருக்கிறார்கள். இந்தியா என்று குறித்த பெயர்களும் உண்டு. அவர்களில் இருவர் சண்டையிலோ சாகசத்திலோ சாகவில்லை. பிரயாணத்தின் தொடக்கத்திலேயே நோயுற்றுப் படுக்கையில் கிடந்து இறக்கிறார்கள். கப்பலின் பெருங்கதையில் அவர்களுக்கு இடமில்லை. ஆயினும் அவர்கள் பெயரைச் சரியாக எழுதாமல் புஸ்தகம் பூர்த்தியாகாது. சரித்திரத்தில் பெயரில்லாமல் கடலில் மறைந்த நம் லஸ்கர்கள் எத்தனை பேர்! அந்த இருவர் பெயரையும் பதிந்தபோது, ஒரு சிரார்த்தம் செய்து முடித்த நிறைவு உண்டாயிற்று. முடிவில் கும்பினி ஒவ்வொருவர் கணக்கிலும் இத்தனை பவுன் நஷ்டஈடு, இத்தனை பவுன் அபராதம் என்று தீர்ப்பு எழுதுகிறது. உயிர்களைப் பவுனில் எடை போடும் கும்பினியின் குணத்தை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பாடப் புஸ்தகமும் சொல்லவில்லை.

ரப்பர் ஸ்டாம்பின் பாவம்

அதே லூகாஸ் போப் 2013-ல் வெளியிட்ட "பேப்பர்ஸ், ப்ளீஸ்" மூன்றாவது ஆட்டம். ஆர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனைத் தேசம், வருஷம் 1982. எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட்டுகளைச் சோதிக்கும் உத்தியோகம் சீட்டுக் குலுக்கலில் நமக்கு விழுகிறது. ஒவ்வொருவராக வந்து தம் காகிதங்களை நீட்டுவார்கள். தேதி சரியா, முத்திரை சரியா, படமும் முகமும் ஒன்றா என்று பார்த்துப் பச்சையோ சிவப்போ குத்தவேண்டும். ஆள் ஒன்றுக்கு ஐந்து நாணயம் சம்பளம். தினம் இரண்டு தவறுகளுக்கு எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள், அதற்குமேல் அபராதம். மாலையில் வீட்டு வாடகை, சாப்பாடு, குளிருக்குக் கணப்பு, நோயாளிக்கு மருந்து என்று கணக்குப் பார்த்தால், எப்போதும் ஏதாவது ஒன்றுக்குத் துண்டு விழும். காலையில் பார்த்தால் புதிய உத்தரவு ஒன்று காத்திருக்கும்.

ஒரு நாள் ஒருவன் வருகிறான். காகிதமெல்லாம் சரியாக இருக்கிறது. "பின்னால் என் மனைவி வருகிறாள்; தயவு காட்டுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவளிடம் பிரவேசப் பெர்மிட் இல்லை. அவளை உள்ளே விட்டோம். உடனே எச்சரிக்கைச் சீட்டு வந்தது. போனால் போகிறது என்று கிழித்தெறிந்தோம். ஆனால் ஒரு வாரம் கழித்து, வீட்டில் மகனுக்கு ஜுரம். மருந்துக்குப் பணம் போதவில்லை. அன்றிலிருந்து வேகமாக வேலை செய்யத் தொடங்கினோம். பிறகு ஒரு நாள் இரவு யந்திரத்தை நிறுத்திவிட்டுப் படுத்தபோது ஒரு விஷயம் சுருக்கென்று தைத்தது. அன்று வந்த ஒருவர் முகமும் நமக்கு ஞாபகமில்லை. தேதிகளும் முத்திரைகளும்தான் ஞாபகத்தில் இருந்தன.

அந்நிய ஆட்சியின் கீழ் நமது தேசத்தில் ஆயிரக்கணக்கான குமாஸ்தாக்கள் இருந்தார்கள். அவர்கள் எல்லோரும் கெட்டவர்களா? மாலையில் மருந்து வாங்க வேண்டியவர்கள், அவ்வளவுதான். அதே ஆட்சிமுறையின் மறுபக்கத்தில் நின்றவர்களும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் இந்தியர்கள் பதிவுச் சீட்டு வைத்திருந்தே தீரவேண்டும் என்று சட்டம் வந்தபோது, 1908-ம் வருஷம் ஆகஸ்டு 16-ந் தேதி ஜொஹானஸ்பர்க் நகரில், மகாத்மாவின் தலைமையில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சீட்டுகளைக் கொப்பரையில் போட்டு எரித்தார்கள். அந்தப் போராட்டத்தில் தமிழர்கள் வகித்த பங்கு பெரியது. ஒரு சீட்டை எரிக்க எத்தனை துணிவு வேண்டும் என்பதை இத்தனை நாளும் புஸ்தகத்தில் படித்திருந்தோம். சீட்டைச் சோதிக்கும் ஆசனத்தில் ஒரு மாதம் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் அது நன்றாக விளங்கிற்று.

யுத்தம் வந்தால் வீட்டில் என்ன நடக்கும்?

நான்காவது ஆட்டத்தை ஆடும்போது பலமுறை எழுந்து போய்விட்டோம். "திஸ் வார் ஆஃப் மைன்" என்ற இதை வார்ஸா நகரத்தில் உள்ள "11 பிட் ஸ்டூடியோஸ்" என்ற ஸ்தாபனத்தார் 2014-ல் வெளியிட்டார்கள். 1992 முதல் 1996 வரையில் ஸரயேவோ நகரம் முற்றுகையிடப்பட்டிருந்தபோது அங்கே ஜனங்கள் பட்ட பாட்டை ஆதாரமாகக் கொண்டு ஆக்கியது. யுத்த ஆட்டம் என்றால் தளகர்த்தனாக நின்று கட்டளை இடுவோம் என்றுதான் நாம் நினைத்தோம். இதில் நாம் சிப்பாய்கூட அல்ல. இடிந்த வீடொன்றில் ஒதுங்கிய மூன்று பேர்: ஒரு சமையற்காரர், ஒரு பந்தாட்டக்காரர், ஒரு பத்திரிகைக்காரப் பெண்மணி. பகலில் அடுப்பு மூட்டவும் மழைத் தண்ணீர் பிடிக்கவும் வழி பார்க்கவேண்டும். இரவில் ஒருவர் வெளியே போய் ஆகாரமும் மருந்தும் தேடி வரவேண்டும்.

ஊருக்குள் ஒரு வீட்டில் வயதான தம்பதிகள் இருக்கிறார்கள். அவர்களிடம் உணவு இருக்கிறது, மருந்து இருக்கிறது. நம் வீட்டிலோ ஒருவருக்கு நோய் முற்றிவிட்டது. கிழவர் கெஞ்சுகிறாரே தவிர நம்மை எதிர்க்கச் சக்தியில்லாதவர். நாம் என்ன செய்தோம் என்பதை எழுதத்தான் வேண்டும்: எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். நோயாளி பிழைத்தார். ஆனால் அதன்பின் மூன்று பேரும் ஒருவரோடொருவர் பேசும் பேச்சு மாறிவிட்டது. ஒருவர் மூலையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். திரையில் வரும் பொம்மைகள்தான். ஆயினும் அன்றிரவு நமக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

2020-ல் போலந்து அரசாங்கம், மேல்வகுப்பு மாணவர்களுக்கான வாசிப்பு நூல்களின் ஜாபிதாவில் இந்த ஆட்டத்தையும் சேர்ப்பதாக அறிவித்தது. இதை ஆடி முடித்த நமக்கு அதில் ஆச்சரியம் தோன்றவில்லை. யுத்தத்தைப் பற்றிக் கொக்கரிக்கும் பெரியவர்களுக்கும் இதைக் கட்டாயப் பாடமாக வைக்கலாம். சிறு குழந்தைகளின் கண்ணில் மட்டும் இது படக்கூடாது. முந்தின ஆட்டமும் பெரியவர்களுக்கே உரியது.

பனி தேசத்துப் பாட்டி கதை

ஐந்தாவதாக வந்த "நெவர் அலோன்" நம் மனத்தின் பாரத்தைக் குறைத்தது. அலாஸ்காவில் வாழும் இன்யூப்பியட் என்னும் ஆதிக்குடி மக்களின் கதை. முடிவில்லாமல் வீசும் பனிப்புயல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, நூனா என்ற சிறுமி ஒரு வெள்ளை நரியைத் துணையாகக் கொண்டு புறப்படுகிறாள். அலாஸ்காவின் ஆதிக்குடிகளுக்காகப் பணி செய்யும் சங்கம் ஒன்று, தம் ஜனங்களின் கதையைப் பிறர் சொல்வானேன், நாமே சொல்லுவோம் என்று தீர்மானித்து, ஆட்டம் செய்யத் தெரிந்தவர்களைக் கூட்டிக்கொண்டு 2014-ல் இதை வெளியிட்டது. இந்தக் கதையைச் சொல்லிவந்த முதியவர் காலமாகிவிட்டபடியால், அவருடைய மகளிடம் போய் அனுமதி கேட்டுப் பெற்றார்களாம். அந்த மரியாதை நம் மனத்தை மிகவும் கவர்ந்தது.

கதையைச் சொல்லும் கிழவரின் குரல் ஆங்கிலத்தில் ஒலிக்கவில்லை; இன்யூப்பியட் மொழியிலேயே ஒலிக்கிறது. ஆங்கிலம் கீழே சிறிய எழுத்தில் வருகிறது. அந்த மொழியைப் பேசுகிறவர்கள் தொகை மிகச் சுருங்கிவிட்டது. ஆயினும் தம் பாஷையை மேலே வைத்து, உலக பாஷையைக் கீழே வைத்தார்கள். ஆட்டத்தின் நடுநடுவே, அந்த ஊர்ப் பெரியவர்கள் தம் வாழ்க்கையைப் பற்றித் தாமே பேசும் இருபத்து நான்கு சிறு படங்கள் வைத்திருக்கிறார்கள். வானத்தில் ஆடும் வட துருவ ஒளியைப் பார்த்துக் குழந்தைகள் பயப்படவேண்டும் என்று பாட்டிமார் சொன்னது ஏன் என்பதெல்லாம் அதில் தெரியவரும்.

குறையும் உண்டு. நரியை நாம் இயக்காதபோது யந்திரம் இயக்குகிறது. அந்தச் சமயத்தில் நரிக்குப் புத்தி மட்டமாகிவிடுகிறது. நாம் பத்திரமாகத் தாண்டிய பள்ளத்தில் அது நிம்மதியாகப் போய் விழும். திரும்ப முதலிலிருந்து ஆடவேண்டும். இருவராக ஆடினால் இந்தத் தொல்லை இல்லை. பக்கத்து வீட்டுச் சிறுமியை நரியாக வைத்துக்கொண்டு நாம் நூனாவாக ஆடினோம். ஒரு வார மாலைகளில் ஆட்டம் முடிந்தது. இன்னும் அந்தச் சிறுமி நம்மைக் கண்டால் நரியைப்போல் ஊளையிடுகிறாள்.

சுதேசிச் சரக்கு

"ஆறாவது ஆட்டம் நம்ம ஊர் ஆட்டம், மாமா" என்று மருமான் பெருமையோடு சொல்லியிருந்தான். புனாவில் உள்ள "நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ்" என்ற சிறு ஸ்தாபனத்தார் 2020-ல் வெளியிட்ட "ராஜி" என்பதே அது. கழைக்கூத்தாடிப் பெண்ணான ராஜி, அசுரர்கள் கவர்ந்து சென்ற தன் தம்பி கோலுவைத் தேடிப் போகிறாள். துர்க்கையும் மகாவிஷ்ணுவும் வானத்திலிருந்து அவள் கதையை நமக்குச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். கையில் திரிசூலம், எதிரில் மகாபலாசுரனுடைய சேனை. ராஜஸ்தானத்து அரண்மனைகளும் ஜாலி வேலைப்பாடுள்ள ஜன்னல்களும், நீர் நிறைந்த படிக்கிணறுகளும் கண்ணைப் பறிக்கின்றன. சுவர்களில் தீட்டிய புராணச் சித்திரங்களின் எதிரில் நின்றால் அவற்றின் கதையைக் கேட்கலாம். அசுரனை விட்டுவிட்டு ஒரு கோபுரத்தின் அடியில் நாம் வெகு நேரம் நின்று வேடிக்கை பார்த்ததுண்டு.

சுதேசிச் சரக்கு என்பதற்காகக் குறையை மூடி மறைப்பது சுதேசியத்துக்கே கெடுதல். ஆகையால் சொல்லிவிடுகிறோம்: சண்டைக் காட்சிகளில் கை நினைத்தபடி கால் போகவில்லை. கதையோ உச்சக்கட்டத்தை நெருங்குகிறபோது, தண்டவாளம் தீர்ந்துபோன ரயிலைப்போல் திடீரென்று நின்றுவிடுகிறது. "பாக்கி எங்கே?" என்று நாம் வாய்விட்டே கேட்டோம். ஆனால் நூற்றுக்கணக்கான ஆட்களையும் கோடிக்கணக்கான பணத்தையும் கொட்டி அந்நிய ஸ்தாபனங்கள் செய்யும் காரியத்தை, விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் இங்கே உட்கார்ந்து துணிந்து செய்திருக்கிறார்கள். பத்ராசலமும் தஞ்சையும் காஞ்சியும் இன்னும் காத்துக்கொண்டிருக்கின்றன. நமது கோவில் பிராகாரங்களில் ஒரு சிறுமி ஓடும் ஆட்டத்தைத் தமிழில் ஆடும் நாள் வராமலா போகும்?

இட்லித் தட்டும் ஒரு கைப்புஸ்தகமும்

கடைசி ஆட்டத்தின் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். "வெண்பா!" இலக்கண ஆட்டமோ என்று எண்ணினோம், அல்ல. வெண்பா என்பது ஒரு பெண்ணின் பெயர். கணவர் பெயர் பாவலன். 1980-களின் கடைசியில் கனடாவில் போய்க் குடியேறிய தமிழ்க் குடும்பம். டோரோண்டோ நகரில் உள்ள "விசை கேம்ஸ்" என்னும் ஸ்தாபனத்தார் 2023 ஜூலையில் வெளியிட்டார்கள். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா சங்கத்தார் ஒரு ஸ்தாபனத்தின் முதல் ஆட்டத்துக்காகத் தரும் பரிசை இதற்கு அளித்தார்கள்.

இதில் ஆயுதம் கரண்டி. வெண்பாவுக்கு அவள் தாயார் கொடுத்த சமையல் குறிப்புப் புஸ்தகம் ஒன்று இருக்கிறது. பக்கங்கள் கிழிந்தும் எழுத்து அழிந்தும் போயிருக்கின்றன. விட்டுப்போன வரிகளை ஊகித்து, இட்லியும் புட்டும் பிரியாணியும் செய்து முடிப்பதே ஆட்டம். நாற்பது வருஷமாக இட்லி சாப்பிட்டுவரும் நாம், இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி சரியாகப் பரவும் என்று தெரியாமல் முதல் ஈட்டைக் கெடுத்தோம். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த வீட்டு அம்மாள் சிரித்த சிரிப்பு இந்தக் கட்டுரையில் அடங்காது. தாளிக்கும் ஓசை காதில் விழும்போது, மூக்கு தானாகவே வாசனையைத் தேடுகிறது.

வெண்பாவுக்கு கவின் என்று ஒரு பிள்ளை பிறக்கிறான். பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அவனுக்கு அம்மாவின் சமையல் வெட்கமாகிவிடுகிறது. பீட்ஸா வேண்டும் என்கிறான். அம்மா தமிழில் கேட்டால் அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். வருஷங்கள் ஓடுகின்றன. வரப்போகும் மகனுக்காக அவள் ஊர்ப்பட்ட பதார்த்தங்களைச் சமைத்துவைக்கும் இடத்தில், அடுத்தடுத்து எண்ணெய்ச் சட்டியை மாற்றிக்கொண்டே நமக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கடைசியில் வளர்ந்த கவின் தனியாக அந்தப் புஸ்தகத்தைத் திறந்து, தாயின் எழுத்தைப் படிக்கத் தட்டுத் தடுமாறுகிறான். புஸ்தகம் கையில் இருக்கிறது, அடுப்பு எரிகிறது, பாஷை மட்டும் போய்விட்டது.

இந்த இடத்தில்தான் மருமானுடைய சூழ்ச்சி நமக்கு விளங்கிற்று. இதைக் கடைசியாக வைத்திருந்தானே, ஏன்? நமது தாயார், அதாவது அவனுடைய பாட்டி, சமையல் குறிப்புகள் எழுதிய நோட்டுப் புஸ்தகம் ஒன்று நம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. சிறு வயதில் கோடை விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அதைப் பிரித்துவைத்துக்கொண்டு படம் இல்லாத புஸ்தகமாக இருக்கிறதே என்று அவன் வருத்தப்படுவான். யாராவது படித்துச் சொன்னோமா என்றால், அப்போது யாருக்கும் அதற்கு நேரமில்லை.

குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை

ஏழு ஆட்டங்களை ஆடிவிட்டதால் நம் பழைய கட்டுரையை முழுவதும் வாபஸ் வாங்கிக்கொள்கிறோம் என்று வாசகர்கள் நினைக்கவேண்டாம். பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் சூதாட்டமே. எத்தனையோ குடும்பங்களைக் கெடுத்த அவற்றைத் தடுத்து 2025-ல் நமது பார்லிமெண்டு சட்டம் செய்தது முற்றிலும் நியாயம். ஆட்டத்தை நிறுத்த முடியாமல் படிப்பும் வேலையும் உறவும் கெடும் நிலையை ஒரு நோயாகவே உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ல் தன் ஜாபிதாவில் சேர்த்தது. இவற்றைப் பற்றி நாம் எழுதியதில் ஓர் எழுத்தையும் மாற்றப்போவதில்லை.

ஆனால் "வேறு சரக்கு இல்லை" என்று எழுதினோமே, அது தவறு. அதற்காக வாசகர்களிடமும் மருமானிடமும் மன்னிப்புக் கோருகிறோம். நல்ல நாவலும் கெட்ட நாவலும் உண்டு, நல்ல சினிமாவும் கெட்ட சினிமாவும் உண்டு, இதுவும் அப்படித்தான். பெற்றோர்கள் செய்யவேண்டியது ஒன்றே: பிள்ளை ஆடும் ஆட்டத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மாலை நேரம் பாருங்கள், முடிந்தால் நீங்களும் ஆடுங்கள். தோற்பீர்கள், அதனால் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது. எதைத் தடுக்கவேண்டும், எதை அனுமதிக்கலாம் என்பது அதன்பின் தானே விளங்கும்.

இனி மருமானுக்குச் சில வரிகள். மற்ற வாசகர்கள் பொறுத்தருள்க.

அப்பனே, ஒப்பந்தத்தில் நமது பங்கை நிறைவேற்றிவிட்டோம். டெட்ரிஸ் மட்டும் பாக்கி. அதை இந்த ஜன்மத்தில் முடிக்க முடியாது. உன் தாயாருக்குத் தனியாகக் கடிதம் எழுதி, இதை உனக்குப் படித்துக் காட்டவே கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். எழுத்துக் கூட்டிப் படித்தாலும் சரி, ஒரு மாதம் ஆனாலும் சரி. இந்த வரியை நீயாக எட்டிவிட்டாயானால் நமக்கு ஒரு கார்டு போடு. தமிழ் எழுத்தில் போடு, பிழை இருந்தால் பாதகமில்லை. கார்டு வந்த அன்றைக்கே பாட்டியின் நோட்டுப் புஸ்தகத்தைத் தபாலில் உனக்கு அனுப்பிவைக்கிறோம். பதினேழாம் பக்கத்தில் எண்ணெய்க் கறை பட்டு இரண்டு வரிகள் அழிந்துபோயிருக்கின்றன. அவை என்னவென்று நமக்கும் தெரியாது. நீதான் கண்டுபிடிக்க வேண்டும்.